பழைய வெல்டிங் செட் வாங்குறீங்களா?

பூட்டுக்குப் பேர்போன நம்ம திண்டுக்கல்லில் கிரில் பட்டறை போடப்போகும் பழைய மாணவர் ஒருவர், சக்கரம் வைத்த பழைய வெல்டிங் செட் ஒன்றை வாங்கிவிட்டு, "சார், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். இயற்பியல் வாத்தியாரை விடுவார்களா?

உள்ளே இருப்பது பள்ளியில் படித்த இறக்கு மின்மாற்றிதான். வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும்.

முதலில் பெயர்த்தகடு. 415 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் 230 வோல்ட் இணைப்பில் சரியாக ஓடாது. இதில் இரண்டுக்கும் முனை இருந்தது. காயிலில் கருகல் வாடை இல்லை.

ஆனால் லைனுக்குப் போகும் ஒயரில் இரண்டே கம்பி! "எர்த் கிளாம்ப் இருக்கே சார்" என்றார்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வேலைப்பாட்டு இரும்பில் கவ்வும் கிளாம்ப், வெல்டிங் கரண்ட் திரும்பும் வழி. அதைப் பேச்சுவழக்கில் எர்த் என்கிறோம், அவ்வளவே. மிஷின் பெட்டியிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் வேறு. பழைய காயிலில் இன்சுலேஷன் விட்டுப்போனால் 230 வோல்ட் பெட்டிக்கே வந்துவிடும். அப்போது ஃபியூஸைப் போகவைத்து ஆளைக் காப்பது அந்த மூன்றாவது கம்பிதான்.

எர்த் குழி போட்டு, மூன்று கம்பி ஒயர் மாற்றி, எலக்ட்ரீஷியன் மெகர் வைத்துப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டோம். 2.5 மி.மீ. ராடு, சுமார் 80 ஆம்பியர். பற்று நன்றாகவே விழுந்தது.

உங்கள் வீட்டு கேட்டுக்கு வெல்டிங் வைக்க வரும் தம்பியிடமும் கேளுங்கள்: மூன்றாவது கம்பி இருக்கா?