உராய்வுப் பாடம்



நம் மரக்காணத்து உப்புக் காற்றில் என் ஆல்டோவின் இரும்பு ரிம் துருப்பிடித்தது. அழகாக இருக்குமே என்று 14 அங்குல அலாய் வீலும் அகல டயரும் போட்டேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி 17க்கு இறங்கியது. வீட்டுக்காரம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி அழைத்துப்போகும் பென்ஷன்காரனுக்கு அது சின்னக் கணக்கில்லை.

டயர் கடை வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவன் சிரித்தான்.

"சார், உப்பு மூட்டை ஏத்துன சைக்கிள்ல காத்து குறைஞ்சா மிதிக்க முடியாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க? டயர் அமுங்கி அமுங்கி நிமிர்றதுல பெட்ரோல் வீணாகுது. சக்கரம் கனமானா வேகமெடுக்கவும் கூடுதலா குடிக்கும்."

பழைய ரிம்மைச் சுரண்டி பெயின்ட் அடித்து, கம்பெனி சொன்ன 145/80 அளவுக்கே திரும்பினேன். மைலேஜும் திரும்பியது.

நீங்களும் கவனியுங்கள். காலையில் டயர் சூடேறும் முன் காற்றுப் பாருங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவே போதும். அதிகம் அடைத்தால் மழையில் பிடிப்பு குறையும். ஃப்ரிட்ஜைப் போல டயருக்கும் இப்போது நட்சத்திரக் குறி உண்டு, புதிது வாங்கும்போது கேளுங்கள்.

அந்தப் பாடத்தில் அவனுக்கு நான் மார்க் குறைத்தேனாம். இப்போது முட்டை எனக்குத்தான்!

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்