கயிறு யார் கையில்?

பாறை ஏறுவது என்றாலே நம்ம பசங்களுக்கு சினிமா ஸ்டண்ட்தான் ஞாபகம் வரும். ஆனால் நண்பர்களே, அது இன்று ஒலிம்பிக் விளையாட்டு! 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். 2024 பாரிஸில் 15 மீட்டர் சுவரை இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். நமக்குக் காலையில் டவுன் பஸ் படிக்கட்டில் கால் வைக்கவே அதைவிட நேரமாகிறது.

வேகம் ஒரு வகைதான். போல்டரிங் என்பது கயிறில்லாமல் சின்னப் பாறையில் ஏறுவது. விழுந்தால் கீழே மெத்தை. ஹம்பியில் உருண்டு கிடக்கும் கிரானைட் பாறைகளைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் இதற்காக வருகிறார்கள். 'லீட்' முறையில் இடுப்பில் கயிறு கட்டி, போகப் போகப் பாறையிலுள்ள கொக்கிகளில் அதை மாட்டிக்கொண்டே ஏறவேண்டும். பாதாமி மணற்பாறையில் இதைப் பார்க்கலாம். கயிற்றின் மறுமுனை கீழே இன்னொருத்தர் கையில் இருக்கும். கயிறும் இல்லை, மெத்தையும் இல்லை என்று ஏறுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறை சுமார் 900 மீட்டர். அலெக்ஸ் ஹானால்ட் 2017 ஜூன் 3-ல் அதை நாலு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். நம்ம பக்கத்தில் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் வெறுங்கையால் ஏறி 'கோத்தி ராஜ்' என்று பெயர் வாங்கிய ஜோதிராஜ் இருக்கிறார். கோத்தி என்றால் கன்னடத்தில் குரங்கு.

எல்லாரும் ஏறுகிறவரைப் பார்த்துக் கை தட்டுவார்கள். எனக்கு என்னவோ கயிறு பிடிக்கிறவர் மேல்தான் கண் போகிறது.

அப்பா கிணறு தூர் வாருகிறவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பீஸ் கட்டியது மடத்துக்குளம் சுற்றுவட்டாரக் கிணறுகள்தான். அப்பா அறுபது அடி இறங்குவார். மேலே அம்மாவின் தம்பி, என் மாமா, கயிற்றை வேப்பமரத்தில் ரெண்டு சுற்று சுற்றி நுனியைச் சாதாரணமாகப் பிடித்திருப்பார். 'இது எப்படித் தாங்குது?' என்று சின்ன வயசில் பயப்படுவேன். மெக்கானிக்ஸில் உராய்வுப் பாடம் வந்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நாம் பிடிக்க வேண்டிய விசை மடங்கு மடங்காகக் குறைகிறது. பாறை ஏறுகிறவர்களின் பிடிகருவியும் கயிற்றை வளைத்து உராயவைத்தே நிறுத்துகிறது. ஆனால் அவர்கள் கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்து, விழுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எங்க கயிறு நீளாது. அதனால் மாமா ஒரு முழம்கூடத் தொய்வு விடமாட்டார்.

பழனி மலைப் பளியரும் நீலகிரிக் குறும்பரும் பாறை விளிம்பில் கொடி கட்டி மலைத்தேன் எடுக்க இறங்குவார்கள். அந்தக் கொடிக்குக் காவல் நிற்பது பெரும்பாலும் இறங்குகிறவனின் மச்சினன். கூடப்பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறது, விட்டுவிடுவானா? ஒலிம்பிக்காரர்களுக்கு இந்த விதி தெரியுமா என்று தெரியவில்லை.

தை பிறந்தால் மாமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். மாதச் சம்பளம், தப்புச் சொல்ல முடியாது. கூலிக்கு யாரையாவது நிறுத்தலாம் என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை வேலையா வெச்சுக்குங்கப்பா, நான் புடிக்கிறேன்" என்றேன். "படிக்கிற புள்ளைக்கு அந்தக் கயிறு எதுக்குங் கண்ணு?" என்று அம்மா தடுத்தார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமன் கனம் நீ இல்லை. மூணு சுத்தாப் போட்டுக்க" என்றார்.