கறுப்பாகப் பூசும் நீலம்

கோபால்ட் ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்தால் கரிக்குழம்பு மாதிரி இருக்கும். அதை நீலம் என்று நம்பித் தீட்ட வேண்டும். சேத்தியாத்தோப்பில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு வேலை பழகப் போனபோது முதலில் தடுமாறியது இந்த இடத்தில்தான். எனாமல் டப்பாவைத் திறந்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். தகரத்தில் ஏறினாலும் அதே சிவப்பு. கண் சொல்வதைக் கை செய்தால் போதும். சூளைக்குப் போகிற சாமானில் அந்த வசதி கிடையாது.

அச்சில் வார்த்து, காயவைத்து, ஒருமுறை சுட்டெடுத்த துண்டை பிஸ்கட் என்பார்கள். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தாகம் அதற்கு. தூரிகை பட்டதுமே ஈரத்தை உறிஞ்சிவிடும். காகிதத்தில் செய்வதுபோல ஓரத்தைக் கரைத்து இழைய விடுவதெல்லாம் இங்கே நடக்காது. வளைவில் கை ஒரு கணம் தயங்கினால் அங்கே மருந்து கூடுதலாக இறங்கும். போட்ட கோட்டின் மேல் இன்னொரு தடவை போனால் இரட்டிப்பாகும். பார்வைக்கு எல்லாமே ஒரே கறுப்புதான். கிளேஸில் முக்கி, 1200 டிகிரியை ஒட்டிச் சுட்டு, சூளை ஆறிப் பிரித்த பிறகுதான் ஓரிடம் வெளிர்நீலம், ஓரிடம் மை கொட்டிய நீலம் என்று தெரியவரும். ஆகவே இந்த வேலையில் நிறம் என்பது கையின் வேகம்தான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பிசின், தூரிகையில் எவ்வளவு ஏற்றி எத்தனை அங்குலம் இழுப்பது என்பதைத்தான் பழக வேண்டும்.

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் கடைப்பெயரை ஓட்டில் எழுதித் தரச்சொன்னார். பைக்கில் என்னோடு பட்டறைக்கே வந்து எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, நீலத்துல கேட்டா கறுப்புல எழுதறீங்க?”

“வெந்து வந்தா நீலமாயிடும், தம்பி.”

“வெந்தா கருகத்தானேண்ணே செய்யும்?”

நியாயமான கேள்வி. பெரும்பாலான நிறங்கள் அந்தச் சூட்டில் பொசுங்கித்தான் போகும். தாங்குபவை கோபால்ட், இரும்பு, குரோமியம் போன்ற உலோகங்கள் தரும் சில நிறங்களே. தாமிரம் ஒரு தனிக் குணம்: காற்று தாராளமாகப் போகிற சூளையில் பச்சையாகும், காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் சிவப்பாகவே திரும்பிவிடும். சீனாவின் ஜிங்டெஜென் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டை வைத்து வெள்ளைப் பீங்கானில் நீலப் பூக்கள் தீட்டினார்கள். உலகமே ஆசைப்பட்ட அந்த நீலத்தைத் தீட்டியவர்களும், தீட்டும்போது அதைப் பார்த்திருக்க முடியாது.

கொலு பொம்மைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் போன்றவற்றைக் குழைத்து வார்த்துச் சுட்ட பிறகு, மேலே பெயிண்ட் அடிப்பதுதான் நான் வேலை பார்த்த இடங்களின் வழக்கம். உடம்புக்கு ஸ்பிரே, கண்ணுக்கும் நகைக்கும் தூரிகை. வரிசையாக நிற்கும் கிருஷ்ணர்களுக்குக் கருவிழி வைத்துக்கொண்டே போவது ஓவியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அளவில், ஒரே திசையில் பார்க்கும்படி இரண்டு விழி வைத்துக் காட்டிவிட்டு அவர்கள் அதைக் கேட்கலாம்.

வயிற்றுப்பாட்டுக்குக் கற்ற சூளை வேலை, எனக்காகத் தீட்டும் படங்களுக்குள் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. ஆனால் நுழைந்துவிட்டது. பீங்கான் ஓவியன் மட்டும்தான் நிறம் தெரியாமல் தீட்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் ஈரத்தில் பால் கலந்ததுபோல் இருந்து காய்ந்தபின் கருக்கும். சுண்ணாம்பு அடிக்கிறவரைக் கேளுங்கள்: ஈரச் சுவரில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். தெரியாத கைகள் அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு பூச்சு அடிக்கும். அது பின்னால் பொரிந்து உதிரும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்த சோழ ஓவியங்களைக் கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே நிறம் வைத்திருக்கிறார்கள் என்றார். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஓவியர்கள் சட்டென்று நெருக்கமாகிவிட்டார்கள். சுண்ணாம்பின் காரம் தாங்கும் காவி, மஞ்சள்மண், கரி என்று கையில் சில நிறங்கள்தான். சாந்து இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். ஈரத்தில் அழுத்தமாகத் தெரிவது காய்ந்தபின் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு, கருவறையைச் சுற்றிய இருட்டில் நின்றபடி, மனதிலேயே ஓட வேண்டும். அந்தச் சுற்று பொதுவாகத் திறந்திருப்பதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளை யானைமேல் போகும் சுந்தரரைப் பார்க்கிற எல்லோரும் பக்தியைப் பார்ப்பார்கள். நான் அந்த யானையின் முதுகுக்கோட்டை, எங்கே தூரிகை தீர்ந்து எங்கே மறுபடி நனைத்திருப்பார் என்று தேடிக்கொண்டிருப்பேன்.

வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்து தீட்டும்போதும் இதே கணக்குதான். ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள ஏரி. அதன் தண்ணீர் 2004 முதல் எங்கள் ஊர் வழியாகக் குழாயில் சென்னைக்குப் போகிறது. இந்தப் பக்கத்தில் படம் வரையத் தெரிந்த பிள்ளைகளும் அதே திசையில்தான் போகிறார்கள். வண்டல் கரைந்த தண்ணீர் நண்பகலில் நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை, ஒருவிதச் சாம்பல். அதைக் காகிதத்தில் பிடிக்க, ஈரமாக இருக்கும்போது ‘ஐயோ, கறுத்துவிட்டதே’ என்று தோன்றும் அளவுக்கு அடர்த்தியாக வைத்தாக வேண்டும். பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர் உச்சுக் கொட்டுவார். கொட்டட்டும்.

இந்த ஏரியைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனோடு சேர்ந்து முதலில் பார்த்தவர்கள் ஏராளம். 1950 முதல் 1954 வரை அந்தத் தொடர் வந்தபோது படம் வரைந்தவர் மணியம். பத்திரிகைக்கு வரைகிறவர் தன் மேசையில் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சிறிதாக்கி, பிளாக் எடுத்து, மலிவுத் தாளில் மை ஊறிய பிறகு என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். மெல்லிய இடைவெளிகள் அடைபட்டுப்போகும். மணியம் படங்களில் நகைக்கும் தோலுக்கும் நடுவில் விடப்பட்ட வெள்ளை எனக்கு வெறும் அழகாகத் தெரிவதில்லை. அச்சகத்தை மனதில் வைத்து விட்ட வெள்ளை அது.

பிளெக்ஸ் வந்து போர்டு எழுத்து போன கதையை ஊருக்கு ஊர் சொல்லியாகிவிட்டது. எனக்கும் அதுதான் நடந்தது. இப்போது கொலு சீசனில் பொம்மை, பொங்கலை ஒட்டிக் கரும்பு டிராக்டர்களுக்கு எழுத்து, நடுவில் எப்போதாவது ஒரு படம் விலைபோகும். வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய ஓட்டுச் சில்லுகள் கிடக்கின்றன. முன்பக்கம் ஒரு பட்டை நிறம், பின்பக்கம் எந்த மருந்து, எத்தனை பூச்சு, எந்தச் சூளை என்று எழுதியிருக்கும். நீர்வண்ணத்துக்கும் அதேபோல காகிதக் கீற்றுகள் வைத்திருக்கிறேன்.

படம் பழக ஒரு பையன் வருகிறான். போனில் வீராணத்தைப் படமெடுத்து, தண்ணீரின் மேல் விரலை வைத்தால் அந்த நிறத்துக்கு ஒரு எண் வருகிறது. “இந்த நம்பர்ல கலந்துட்டா போதும்ல சார்?” என்றான். எண் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அது காய்ந்த நிறத்தின் எண். இந்த மாதம் முழுக்கச் சாம்பல் மட்டும் கலந்து, கீற்றில் இழுத்து, காயவைத்து, பின்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். நாலு நாளில் சலித்துக்கொள்கிறான். பிரஷ்ஷை மட்டும் ஒழுங்காகக் கழுவுகிறான்.