பனிமூட்டமும் பறக்கும் கருவியும்

எழுதுகோல் ஏந்திய மாணவர் கைகள் இன்று ட்ரோன் என்னும் பறக்கும் கருவியையும் ஏந்துகின்றன. 2023 டிசம்பரில், ஆவணப்படம் எடுக்க உதகை சென்ற மாணவர்களுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். மூடுபனியிடையே ஓரிடத்தில் நிறுத்திய ட்ரோன், அசையாது நிற்பதை விடுத்து, தேயிலை பறிக்கும் பெண்களை நோக்கி மெல்ல நகரலாயிற்று. இயக்கிய மாணவர் உடனே தரையிறக்கினார். எவருக்கும் தீங்கில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

காரணம் யாது? மூடுபனி செயற்கைக்கோள் அலைகளைத் தடுப்பதில்லை; ஆனால் தரையைப் பார்க்கும் கேமராவின் கண்ணை மறைத்துவிடுகிறது. மலைச்சரிவு வானத்தை மறைப்பதால் செயற்கைக்கோள்களும் குறைவாகவே அகப்படும். இவ்விரண்டும் பொய்த்தால், கருவி உயரத்தைக் காத்துக்கொண்டே காற்றின் போக்கில் செல்லும். வெப்பமான அறையிலிருந்து குளிருக்கு வந்த உணர்விகள் சற்று நேரம் பிழைபடக் கூறும். இரும்புவேலி திசைகாட்டியைக் குழப்பும். மின்கலமும் குளிரில் விரைந்து சோரும்.

மாணவர் ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார். கருவியைச் சிறிது நேரம் குளிருக்குப் பழக்கினார். மின்கலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினார். வேலியை விட்டு விலகித் திசைகாட்டியைச் சீர்செய்தார். கேமராவில் படிந்த ஈரத்தைத் துடைத்தார். ஆயினும் பனி விலகும்வரை பறக்கவிடேன் என்றார். மாலைவரை பனி விலகவில்லை, படமின்றியே திரும்பினோம். சிலருக்கு வருத்தம், எனக்கோ பெருமிதம்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். கருவியைச் சரிபார்ப்பதும், ஐயம் தீராதபோது பறக்கவிடாதிருப்பதும் அவ்வாறு கட்டுவதேயாகும். தவறிய படத்தை மறுநாள் எடுக்கலாம். பிறர் உயிர் அத்தகையதன்று. இதனை மாணவச் செல்வங்கள் என்றும் நெஞ்சிற் கொள்வார்களாக.