ஸ்ரீஜேஷ் போன பிறகு

பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் விடைபெற்றதிலிருந்து, நம்ம ஹாக்கி அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கோல்கீப்பரைத்தான் தேடுகிறார்கள். என் கவலை அங்கே இல்லை. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் அடித்தது, அதிலும் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் வந்தவை. அணியை நடத்துவதும் கோல் போடுவதும் ஒரே ஆள் தலையில் என்றால் எத்தனை நாள் தாங்கும்? 2025 ஜூனில் புரோ லீக்கில் தொடர்ந்து 7 தோல்வி. செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் ஐரோப்பிய அணிகளை ஜெயிக்க இளம் ஃபார்வர்டுகள் வேண்டும்.

எங்கள் கீழப்பாவூரிலிருந்து கோவில்பட்டி தூரமில்லை. அந்த ஊர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் ஆடினார்கள். இருவருமே ஃபார்வர்டுகள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தொடர் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தொடர்ந்து ஆடவிட வேண்டும்.

தென்காசிப் பக்கத்துப் பெற்றோரே, பிள்ளைக்கு ஹாக்கியில் ஆசையிருந்தால் தடுக்காதீர்கள். கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானமே இருக்கிறது.