உப்பு பூத்த சுவர்

கடல் எங்கோ இருக்கிறது. ஆனாலும் நல்லூரில் எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு. அப்பா பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பார்; ஆடிக்குள் செதில் செதிலாக உதிரும்.

"பெயிண்ட் நிக்காதுங்க. அஸ்திவாரத்துலருந்து ஈரம் ஏறுது. அது காயறப்ப உப்பு செங்கல்லுக்குள்ளயே கட்டியாகி உடைச்சிரும்" என்றார் கொத்தனார். பூச்சைக் கொத்தியெடுத்து, சுவரைக் காயவிட்டு, அடிவரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை உருவி ஈரத்தடுப்பு வைக்கணுமாம்.

வீடு கட்டும்போது கிணற்றுத் தண்ணியில்தான் கலவை குழைத்தார்கள். சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் உப்பாக்கியிருந்த காலம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பாவுக்கும் வேலை போனது. சாயத் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டியவர் அவர்.

உதிர்ந்த பூச்சை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம உப்புதான் கண்ணு."