முடிச்சும் அச்சும்

சிவகிரி, செவ்வாய்க்கிழமை. ஆன்லைனில் வாங்கிய சுங்குடிச் சேலை வந்தது. படத்துக்குக் கீழே ‘கையால் முடிச்சிட்டது’ என்று எழுதியிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். அத்தை சேலையை முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை. ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்: “ஏட்டி, இது முடிச்சு இல்ல, அச்சு.” உள்பக்கம் வெளிறிக் கிடந்தது. புள்ளிகள் அத்தனையும் ஒரே அளவு.

*

சுங்குடி மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலை. துணியை மடித்து, நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளை வட்டம். ஒரு வட்டம்போல இன்னொன்று இருக்காது. முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். விரலுக்கு அது தெரியும், போட்டோவில் தெரியாது. கள்ளச் சரக்கு நுழைவது இந்த வழியில்தான்.

*

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்து வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலைக்கு 2023இல். இந்தக் குறியீடு காப்பது பெயரை. பெயரைச் சொல்லாமல் அதே புள்ளியை அச்சடித்து விற்பவனை அது தடுக்காது.

*

டிசைன் திருட்டைத் தட்டிக் கேட்டுப் பலன் கண்டவர்களும் உண்டு. 2018இல் ஒரு பெண்கள் இதழின் அட்டையில் வந்த, டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்தின் உடையில், தில்லி ‘பீப்பிள் ட்ரீ’ கடையின் யோகா உருவ அச்சு இருந்தது. கடைக்காரர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள், சமரசம் ஆயிற்று. எதிரில் நின்றது ஊரறிந்த பெயர். ஆன்லைன் சந்தையிலோ ஒரு கடைப் பெயரை முடக்கினால், அதே சரக்கு வேறு பெயரில் வந்துவிடும்.

*

புது டிசைனை எப்போது வெளியே காட்டுவீர்கள் என்று சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். “புது பார்டர் போட்டா அன்னைக்கே ஸ்டேட்டஸ்ல வச்சிருவோம். வைக்கலன்னா ஆர்டர் எப்படிம்மா வரும்?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, ஏற்கெனவே ஊருக்குக் காட்டிவிட்ட டிசைனைப் பதிய முடியாது. பதிப்புரிமைச் சட்டமும் கைவிடும்: பதியக்கூடிய டிசைனைப் பதியாமல், தறியிலோ அச்சிலோ 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஐம்பது சேலை ஒரு தறிக்காரருக்கு எம்மாத்திரம்?

*

டிசைனைப் பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். திருடியவரிடம் நஷ்டஈடு கேட்கலாம், விற்பனைக்குத் தடையும் கேட்கலாம். படத்தையே திருடியிருந்தால் இன்னும் எளிது. போட்டோவின் உரிமைக்குப் பதிவே தேவையில்லை.

*

தறிக்கார அண்ணாச்சிமாருக்கு: முதலில் விண்ணப்பம், பிறகு ஸ்டேட்டஸ். இந்த வரிசை மாறவே கூடாது. ஆளுக்கொரு பக்கம் அலையாமல், சங்கம் சேர்ந்து ஒருவரை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: விற்பவரின் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அதைப் பாருங்கள். சேலையின் உள்பக்கப் படத்தையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.